இடையில் இறங்கினால் செல்லாது

வெளிநாடு போய்வந்தவர்கள் எல்லாம் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போனது ஆண்டிமடம். பெரம்பலூரில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய் இறங்கிவிடலாம். எனக்கு ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி, அதற்கு மேல் முக்கால் பகல் பிடித்தது. அந்த நேரத்துக்குச் சிங்கப்பூரே போய் இறங்கிக் குளித்து முடித்திருக்கலாம் என்று என் மனைவி வசந்தா சொல்கிறாள். அவள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் உள்ள ஒரே கஷ்டம் அதுதான்.

போனது ஓசிச் சீட்டில். அது எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை மாதத்தில் என் தங்கை தனத்தின் மகளுக்கு ஆண்டிமடத்தில் காதுகுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நான் ஒருவன்தான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் மாமன் தோட்டோடு வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பார். பின்னால் பிள்ளை பெரியவளாகி நடக்கும் சடங்கு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் சீர்த்தட்டோடு முன்னால் நடக்கிற உரிமையும் காதுகுத்தன்று உட்கார்ந்த மடிக்குத்தான். அவ்வளவு பெரிய பதவி. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவியும் அதுதான்.

அன்றைக்கு நான் ஏறிய தனியார் பஸ் பேரளி தாண்டியதும் படுத்துவிட்டது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அதை மஞ்ச வண்டி என்றுதான் சொல்வோம். நான் ஆண்டிமடம் போனபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வந்த சனமெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. பிள்ளையின் காது மட்டும் முழுசாக இருந்தது. தனத்தின் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாமன் மடி இல்லாம குத்தக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருக்கோம் தம்பி. தையில இன்னொரு நாள் பாப்போம். ஆனா மூணாவது நாளுன்னு ஒண்ணு கெடையாது. சொல்லிட்டேன்."

தனம் உள்ளே போய் எனக்கு இலை போட்டாள். இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் தேவலாம்.

நான் பெரம்பலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவன். எனக்குக் கோபம் வந்தால் கை ஓங்கத் தெரியாது, விரல்தான் ஓடும். மஞ்ச வண்டி முதலாளிக்கு நாலு பக்கத்தில் புகார் அடித்தேன். ஒரு நகலை இன்ஸ்டிடியூட் வாசலில் ஒட்டினேன். ஊரே நின்று படித்தது. பத்து நாளில் முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உருகினார்.

"என்னா அழகா அடிச்சிருக்கீங்க மாஸ்டர்! ஒரு எழுத்து மேல ஏறல, ஒரு எழுத்து கீழ எறங்கல."

எழுதியிருந்த விஷயத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆனாலும் மனுஷர் பெருந்தன்மைக்காரர். நடந்த தப்புக்கு ஈடாக ஆண்டிமடம் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு இலவசச் சீட்டு தருவதாகச் சொன்னார். "நம்ம ஆபீஸ்ல டைப் அடிக்க ஆளில்ல. நீங்களே அடிச்சுடுங்க. நான் கையெழுத்து போட்டுடறேன்."

ஆக, எனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கான நிவாரணத்தை நானே மஞ்சள் அட்டையில் அடித்துக்கொண்டேன். நிபந்தனைகளை அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒன்று, கம்பெனி வண்டியில் மட்டும் செல்லும். இரண்டு, தை மாதக் கடைசிவரை செல்லும். மூன்று, உட்கார இடம் உறுதியில்லை. அதோடு அவர் நிறுத்திவிட்டார். அட்டையின் கீழே மூன்று விரல்கடை வெற்றிடம். என் தொழிலில் அடிப்பக்கம் காலியாகக் கிடப்பது, வேட்டி கட்டி மேல்துண்டு போடாத மாதிரி. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நானாக நான்காவது ஒன்றைச் சேர்த்தேன்: 'இடையில் இறங்கினால் செல்லாது.' அடியில் கோடும் போட்டேன். இப்போது அட்டை பார்க்க லட்சணமாக இருந்தது. "பலே!" என்று முதலாளி கையெழுத்துப் போட்டார்.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று நாள் வைத்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம்.

"ஏங்க, பேசாம கவர்மெண்ட் பஸ்ல வந்துடுங்க" என்றாள் வசந்தா.

"சீட்டு இருக்கு."

"சீட்டு இருக்கு. பஸ்ஸு இருக்கா?"

விஷயம் டிக்கெட் காசு அல்ல. அந்தச் சீட்டு நான் ஜெயித்த சீட்டு. என்னை நடுரோட்டில் விட்ட கம்பெனியே என்னை ஆண்டிமடத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஊர் பூராவும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். வசந்தா பழத்தட்டு, பட்டுப்பாவாடை, வெல்லம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை அரசு பஸ்ஸில் போனாள். தோடு மட்டும் மாமன் கையால்தான் போகவேண்டும் என்பதால் என் சட்டைப்பையில் இருந்தது. சிவப்புக்கல் வைத்த சின்னத் தோடு.

மஞ்ச வண்டி ஆண்டிமடத்துக்கு நேராகப் போகாது. சாயங்காலம் அரியலூர்வரை ஒன்று, மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து ஆண்டிமடத்துக்கு இன்னொன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. வியாழன் சாயங்காலம் ஏறினேன். சீட்டைப் பார்த்த கண்டக்டர் பின்னால் திரும்பி, கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி அறிவித்தார்: "ஓசி ஒண்ணே!"

மூன்றாவது நிபந்தனைப்படி எனக்குக் கிடைத்த இடம் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த என்ஜின் மூடி. அதன் மேல் ஒரு சாக்கு. முதல் ஐந்து மைல் வெதுவெதுப்பாகச் சுகமாக இருந்தது. அதன் பிறகு தோசைக்கல். கல் உடைக்கப் போகிற ஒரு குடும்பம் முன்சீட்டில் உட்கார்ந்து தெலுங்கில் பேசிக்கொண்டது. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அது இப்படி விளங்கியது:

"அந்த ஆள் ஏன் அடுப்பு மேல உட்கார்ந்திருக்காரு?"

"ஏதாவது வேண்டுதலா இருக்கும்."

அரியலூர் எங்களுக்கு அயல்நாடு. அவர்களுக்கு ரயில் உண்டு, எங்களுக்குக் கிடையாது. அதனால் அரியலூர்க்காரர்கள் 'டவுன்' என்று சொல்லும்போது லேசாகத் தாடையைத் தூக்கிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் தூசி சிவப்பு, அங்கே வெள்ளை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் ரோட்டோரப் புளியமரமெல்லாம் விபூதி பூசிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அவர்கள் ரயிலுக்கும் சேர்த்துக் காத்திருப்பார்கள். கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் சாவகாசமாக வந்து, பாதியில் நின்று, யோசித்து, மறுபடி கிளம்பியது. எங்கள் டிரைவர் என்ஜினை அணைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ரயிலை மனதார வாழ்த்தினேன். உட்கார்ந்திருந்த இடம் ஆறியது.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அந்த ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கொசுக்கள்தான் எழுதவேண்டும்.

வெள்ளிக்கிழமை. விடிந்ததும் குளித்து, காதுகுத்துக்கென்று எடுத்த எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டேன். ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் பொங்கல் சாப்பிட்டேன். மிளகு தாராளம், நெய் பேருக்கு. எங்கள் ஊரில் நேர் எதிர். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு பொங்கல் கிண்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கிற அளவுக்கு அப்போது மனம் லேசாக இருந்தது. ஏழு மணி வண்டி ஏழேகாலுக்கே கிளம்பிவிட்டது. மஞ்ச வண்டி வரலாற்றில் அது ஒரு சாதனை.

டிரைவர் காசிம் பாய். கண்டக்டர் தங்கராசு, ஆண்டிமடத்துக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அந்த மாஸ்டர்? முதலாளி உங்க லெட்டர ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காரு" என்றான். உட்கார நல்ல இடமாகவே கொடுத்தான். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தோடு இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உடையார்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. 'பட்' என்று ஒரு சத்தம். வண்டி முனகிக்கொண்டே ஓரமாய்ப் போய் நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்த காசிம் பாய் அறுந்த பெல்ட்டை வாலைப் பிடித்து எடுக்கிற மாதிரி எடுத்துக் காட்டினார்.

"ஃபேன் பெல்ட்டு. வேற பெல்ட்டு ஷெட்டுல இருக்கு."

"ஷெட் எங்க இருக்கு?"

"ஆண்டிமடத்துல."

மணி எட்டரை. முந்திரி மூட்டை ஏற்றிக்கொண்டு ஆண்டிமடம் போகிற வேன் ஒன்று வந்தது. மூட்டைகளுக்கு இடையில் ஒரே ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. பெல்ட் எடுத்து வரத் தங்கராசு போயாக வேண்டும். அவன் போனால் வண்டி நகரும், நான் போனால் நான் மட்டும்தான் நகர்வேன். முப்பது பேர் என்னையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகளுக்கு எப்போதும் ஒரு பளபளப்பு இருக்கும்.

தோட்டை எடுத்துத் தங்கராசு கையில் கொடுத்தேன். தனத்தின் வீட்டு அடையாளம் சொன்னேன். "இத வூட்டுல கொடுத்து, மாமன் பின்னாலயே வராருன்னு சொல்லு. தோட்டப் பாத்தா அவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். அப்புறம் பெல்ட்ட எடுத்துக்கிட்டு ஓடி வந்துடு."

"கண்ணுல ஒத்திக்கிட்டுக் கொண்டுபோறேன் மாஸ்டர்" என்று தொற்றிக்கொண்டான்.

ஒன்பதேகாலுக்கு ஒரு அரசு பஸ் வந்து நின்றது. எங்கள் வண்டி சனம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு அதில் பாய்ந்தது. நானும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். சத்தியமாக வைத்தேன். இடது கால். அப்போது பின்னாலிருந்து காசிம் பாய் குரல் கொடுத்தார்.

"மாஸ்டர்! எறங்கிட்டீங்கன்னா சீட்டு செல்லாது. நாலாவது கண்டிஷன் பாத்தீங்கள்ல? யாரு அடிச்சாங்களோ, கோடெல்லாம் போட்டு அடிச்சிருக்காங்க!"

அரசு பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாய் விளையாட்டுக்குத்தான் சொன்னார். போங்க போங்க என்று கையாலும் காட்டினார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஊர் பூராவும் சொல்லிவிட்டு, கடைசியில் டிக்கெட் வாங்கிக்கொண்டா போய் இறங்குவது? தோடுதான் முன்னால் போய்விட்டதே, பெல்ட் இதோ வந்துவிடுமே, பத்து மணிக்கெல்லாம் வாசலில் இறங்கிவிடலாமே என்று மனம் கணக்குப் போட்டது. காலை எடுத்தேன். அரசு பஸ் போய்விட்டது.

அந்த இடது காலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முந்திரிக்காட்டில் நானும் காசிம் பாயும் மட்டும். அவர் தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து ரொட்டியும் முட்டையும் கொடுத்தார். "இன்ஷா அல்லா, ஒம்பதரைக்குள்ள பெல்ட்டு வந்துடும்" என்றார். ஒன்பதரைக்கு "பத்துக்குள்ள" என்றார். பத்துக்கு ரோட்டைப் பார்த்தார். நான் டைரியை எடுத்து இரண்டாவது புகார்க் கடிதத்துக்குக் குறிப்பு எழுதினேன். பெல்ட் அறுந்த நேரம், இடம், டிரைவர் பெயர் எல்லாம். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. பத்தேகால் இருக்கும்போது எதிர்ப்பக்கம் போன ஒரு லாரியில் ஏறலாமா என்றுகூடத் தோன்றியது. அது அரியலூர் போகிற லாரி. பத்தரை ஆனது. காசிம் பாய் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் போய் உதைத்துப் பார்த்தார்.

பன்னிரண்டரைக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் தங்கராசு வந்து இறங்கினான். ஜரிகைக்கரை போட்ட புது வேட்டி, தோளில் புதுத் துண்டு, கை நிறையச் சந்தனம், வாயில் வெற்றிலை. கழுத்தில் சாமந்தி மாலை. மாலைக்கு மேலேயே ஃபேன் பெல்ட்.

"என்னய்யா இது?" என்றேன்.

"மன்னிச்சுக்கணும் மாஸ்டர். வேன்காரன் செயங்கொண்டத்துல மூட்ட எறக்க நின்னுட்டான். நான் போவறப்ப பத்தேகாலு. வூடு பூரா சனம். ஆசாரி ஊசிய வெச்சுக்கிட்டு வானத்தப் பாக்குறாரு. தோட்ட நீட்டுனேன். அந்தப் பெரியம்மா, 'தோடு யாரு கையில வந்துதோ அவன் மாமன், உக்காருடா'ன்னு கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க."

"நீ யாருன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க மாஸ்டர். மேலத்தெரு கண்ணுசாமி மவன்னேன். அப்ப தனத்துக்கு அண்ணன் மொறதான்னு அவங்களே சொல்லிட்டாங்க. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"அப்ப முடிஞ்ச உடனே வரவேண்டியதுதானே?"

"மாமன் சாப்புடாம போவக் கூடாதாம். மொதப் பந்தி." தலையைச் சொறிந்தான். பிறகு என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "புள்ள அழுவவே இல்ல மாஸ்டர். என் வெரலக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு" என்றான்.

இதற்கெல்லாம் அவன்மேல் கோபப்பட முடியுமா? தோட்டைக் கொடுத்தது நான். ஆக, நாலு மணி நேரம் முந்திரிக்காட்டில் நான் பெல்ட்டுக்காகக் காத்திருந்தேன். பெல்ட்டோடு வரவேண்டியவன் என் இடத்தில் உட்கார்ந்து, என் தங்கை மகளை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, என் இலையில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காசிம் பாய் என் தோளில் கைவைத்தார். "நசீபு, மாஸ்டர். தலையெழுத்து. நான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

கம்பெனி வாக்குத் தவறவில்லை. ஒரே பயணியோடு வந்த மஞ்ச வண்டி, என்னை ஆண்டிமடத்தில் தனத்தின் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கியது. தங்கராசு விசில் ஊதினான். தனத்தின் மகள் ஓடிவந்தாள். காது இரண்டும் சிவந்து, மஞ்சள் பூசி, சிவப்புக்கல் தோடு மின்னியது. என்னைத் தாண்டிப் போய்ப் படியில் நின்றவனைப் பார்த்து "மாமா" என்றாள்.

பந்தலில் எச்சில் இலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். தனத்தின் மாமியார், "வாங்க தம்பி, சாப்புடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் உறவு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். வசந்தா தூணோரம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து 'மாமன் எங்கே' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'சீட்டுல வராரு' என்று பதில் சொல்லிச் சொல்லி அவள் முகம் வற்றிப் போயிருந்தது.

தனம்தான் எனக்குப் பரிமாறினாள். சின்ன வயதிலிருந்தே நான் எதைச் செய்தாலும் சிரிக்கிறவள் அவள். இப்போதும் சிரிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுக் கைகழுவியதும் மிச்சமிருந்த திரும்பிவரும் சீட்டை எடுத்தேன். அதன் பின்பக்கம் பேனாவால் எழுதினேன்: 'இதைக் கொண்டு வருபவரின் அடுத்த பிள்ளை காதுகுத்துக்கு, மாமன் மடி ஒன்று.' கையெழுத்தும் போட்டு நீட்டினேன்.

தனம் படித்தாள். திருப்பி முன்பக்கத்தையும் படித்தாள்.

"இந்த நாலாவது மட்டும் நீயாப் போட்டதாண்ணே?"

"எப்படித் தெரியும்?"

"கீழ எடம் காலியா இருந்திருக்கும்."

பிறகு என் சட்டைப்பையில், காலையில் தோடு இருந்த அதே பையில், சீட்டை வைத்தாள்.

"நீயே வெச்சுக்கண்ணே. இத வாங்கிக்கிட்டா நான் மறுபடியும் அதே வண்டியிலதான ஏறணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

சாயங்காலம் நானும் வசந்தாவும் அரசு பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் வாங்கினேன். எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செயங்கொண்டத்தில் கூட்டம் அடித்துக்கொண்டு ஏறியது. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஏறிய ஒரு பெண், நிற்க முடியாமல் தள்ளாடினாள். யாரையும் கேட்கவில்லை. இடுப்பில் இருந்த பையனைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் புடிச்சுக்குங்க சார்."

பிடித்துக்கொண்டேன். இரண்டு வயது இருக்கும். அவன் என் கைக்கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தான், பிறகு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனான். காலையில் நின்ற முந்திரிக்காடு ஜன்னலில் ஓடியது. கால் மரத்துப் போனது. நான் அசையவில்லை. வசந்தா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பையன் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் தன் கையை நடுவில் வைத்தாள்.

உடையார்பாளையத்தில் அந்தப் பெண் கை நீட்டினாள். "ஊரு வந்துடுச்சு, கொடுங்க சார். டேய், மாமாவுக்கு டாட்டா சொல்லு."

அவன் சொல்லவில்லை. அரைத்தூக்கத்தில் அம்மா தோளில் சாய்ந்துகொண்டான். பஸ் கிளம்பிய பிறகுதான் மடி ஜில்லென்று இருப்பது தெரிந்தது. காதுகுத்துக்கென்று கட்டிய வேட்டி. பெரம்பலூர் வந்து சேரும்வரை அந்த ஈரம் காயவில்லை.